ஒத்தெல்லோ கூப்பிடாத சாட்சி

ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ ஏன் வீழ்ந்தான் என்று கேட்டால் இரண்டே பதில்தான் வருகிறது. கல்லூரி நோட்ஸ் படித்தவர்கள் பொறாமை என்பார்கள். மற்றவர்கள் அவன் படையில் இருந்துகொண்டே அவனை ஏமாற்றிய இயாகோவைத் திட்டுவார்கள். கீழமை நீதிமன்றத்தில் குற்ற வழக்கு நடத்திப் பிழைக்கும் எனக்கு இரண்டிலும் திருப்தியில்லை. எனக்கு அந்த நாடகம் ஒரு கேஸ் கட்டு.

முதல் அங்கத்திலேயே ஒரு விசாரணை நடக்கிறது. வெனிஸ் ஆட்சி மன்றம் நள்ளிரவில் கூடியிருக்கிறது. துருக்கியர் கப்பல்கள் சைப்ரஸை நெருங்குகின்றன என்ற பதற்றம். அதற்கு நடுவில் பிரபான்ஷியோ என்ற பெரிய மனிதர், இந்தக் கறுப்பன் மருந்து வைத்து என் மகளை மயக்கிவிட்டான் என்று புகார் சொல்கிறார். சொன்னால் மட்டும் ஆதாரமாகாது என்கிறார் ஆட்சித் தலைவர். அவளையே வரவழைத்துக் கேளுங்கள் என்கிறான் ஒத்தெல்லோ. டெஸ்டிமோனா வந்து, விரும்பித்தான் மணந்தேன் என்கிறாள். கேஸ் தள்ளுபடி.

அவனைக் காப்பாற்றியது அவள் சாட்சியம். துருக்கியரை எதிர்க்கப் போன சைப்ரஸில் அவனே நீதிபதியாக உட்கார்ந்தபோது அந்த வாய்ப்பு அவளுக்குக் கிடைக்கவில்லை.

மூன்றாம் அங்கத்தில் இயாகோ செய்வதைக் கவனியுங்கள். டெஸ்டிமோனாவிடம் பேசிவிட்டு, ஒத்தெல்லோவின் துணைத்தளபதியாக இருந்த காசியோ விலகிப் போகிறான்; தனக்கு அது சரியாகப் படவில்லை என்று இயாகோ முனகுகிறான். என்னவென்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறான். கண்ணால் பார்க்கும்படி ஆதாரம் கொடு என்று ஒத்தெல்லோ மிரட்டுகிறான். நியாயமான கோரிக்கை! கிடைத்ததோ, காசியோ தூக்கத்தில் உளறியதாக ஒரு கதை. ஒத்தெல்லோ அவளுக்குக் கொடுத்த கைக்குட்டையால் காசியோ தன் தாடியைத் துடைத்ததாக இன்னொன்று. இதை வைத்து எங்கள் கோர்ட்டில் சைக்கிள் திருட்டைக்கூட நிரூபிக்க முடியாது.

ஆனாலும் நம்பினான். எங்கள் ஊர்ப் பெண்களின் குணம் எனக்குத் தெரியும் என்று இயாகோ போடும் ஒரு வார்த்தையில்தான் காரணம் இருக்கிறது. ஏழு வயதிலிருந்து போர்க்களமே கதியென்று வளர்ந்த அந்நியன் ஒத்தெல்லோ. வெனிஸ்காரர்களுக்கு அவன் வாள் வேண்டும், சம்பந்தம் வேண்டாம். அந்த ஊர் வீடுகளுக்குள் நடப்பதை உள்ளூர்க்காரன் சொன்னால் மறுத்துப் பேச அவனிடம் என்ன இருக்கிறது? இதையெல்லாம் பொறாமை என்று பரீட்சைத் தாளில் எழுதி மார்க் வாங்குவது அநியாயம்.

கூடவே பட்டாளத்து அவசரம். சந்தேகம் வந்தால் அப்போதே முடிவு கட்டிவிட வேண்டும் அவனுக்கு. குடிச் சண்டை வழக்கில் இயாகோவின் வாக்குமூலத்தைக் கேட்டு, நின்ற இடத்திலேயே காசியோவின் பதவியைப் பறித்தவன்தானே.

இயாகோவின் நோக்கம் என்ன என்று விமர்சகர்கள் நூற்றாண்டுகளாக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். கதைக்கு மூலமான சிந்தியோவின் 1565ஆம் ஆண்டு இத்தாலியக் கதையில் அது தெளிவு: டெஸ்டிமோனாமேல் ஆசைப்பட்டான், கிடைக்கவில்லை. ஷேக்ஸ்பியர் அதை மங்கலாக்கிவிட்டு, இயாகோவின் வாயில் ஒன்றுக்கொன்று ஒட்டாத காரணங்களை வைத்தார். அந்தப் புதிரில் மயங்கி, தீர்ப்பெழுதிய கையை நாம் விட்டுவிடுகிறோம்.

ஒத்தெல்லோ விசாரிக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. டெஸ்டிமோனாவின் பணிப்பெண்ணும் இயாகோவின் மனைவியுமான எமிலியாவைக் கூப்பிட்டுக் கேட்டான். அவள் ஆணையிட்டு மறுத்தாள், நம்பவில்லை. டெஸ்டிமோனாவிடம் கைக்குட்டை எங்கே என்றான். தொலையவில்லை என்று பயத்தில் பொய் சொன்னாள். நிரபராதிகள் எத்தனை பேர் இப்படிப் பதறி ஒரு பொய்யைச் சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள் என்று என்னைக் கேளுங்கள். காசியோவை மட்டும் நேருக்கு நேர் விசாரிக்கவில்லை. அவன் பேசுவதை மறைந்து நின்று பார்த்ததோடு சரி. அந்தப் பேச்சும் வேறொரு பெண்ணைப் பற்றியது.

கடைசி இரவில் டெஸ்டிமோனா கெஞ்சுவதும் இதைத்தான்: காசியோவைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவன் செத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான் ஒத்தெல்லோ.

காசியோ சாகவில்லை. காயத்தோடு அதே அறைக்குக் கொண்டுவரப்படுகிறான். கட்டிலில் ஒத்தெல்லோ கொன்ற டெஸ்டிமோனாவின் பிணம். அந்தக் கைக்குட்டை உன்னிடம் எப்படி வந்தது என்று அப்போதுதான் கேட்கிறான் ஒத்தெல்லோ. என் அறையில் கிடந்தது என்று காசியோ சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.