கிரகணமும் குழந்தையின் மறுவும்

திருப்பூர் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டிப் பிழைக்கும் ஒரு பெண்ணுக்கு முகத்தில் செம்மறுவோடு ஒரு குழந்தை இருந்துவிட்டால், "கிரகணத்தன்று கத்தரிக்கோலைத் தொட்டாயா, வெளியே வந்தாயா?" என்று மாமியாரும் சோதிடனும் அவளையே குற்றவாளியாக்கிவிடுகின்றார்கள்.

நாம் கேட்கின்றோம்: 26-12-2019-ல் திருப்பூரிலும் கோவையிலும் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தது. கிரகணந்தான் மறுவுக்குக் காரணமென்றால், கிரகணமே தெரியாத வருஷங்களில் பிறந்த குழந்தைகளுக்கு மறு ஏன்? வானத்து நிழலுக்கு வயிற்றுக்குள் வர வழி ஏது? அறைக்குள் பூட்டிவைப்பது தாயை மட்டுந்தானா, தகப்பனுக்கு ஒன்றுமில்லையா?

உண்மை இதுதான். இடுப்பிலும் பிட்டத்திலும் காணும் நீலத்திட்டு, தோலின் ஆழத்தில் தங்கிவிட்ட நிற அணுக்களால் ஆனது. நம் நாட்டுக் குழந்தைகளுக்குச் சாதாரணம். பெரும்பாலும் சில வருஷங்களில் தானே மங்கும். பிறந்த சில வாரங்களில் சிவந்து புடைக்கும் மறு, இரத்தக் குழாய்களின் மிகை வளர்ச்சி. முதலில் பெருத்து, ஒரு வயதுக்குப் பின் மெல்லச் சுருங்கும். பிறக்கும்போதே தட்டையாய்க் கருஞ்சிவப்பாயுள்ள திட்டோ, தானே மறைவதில்லை.

புடைக்கும் மறு கண்ணிமையில் வளர்ந்தால் பார்வையே கெடலாம். அதற்குப் புரோப்ரனலால் என்னும் இருதய மருந்து பயன்படுமென்று 2008-ல் பிரான்சு தேசத்துப் போர்தோ நகர டாக்டர்கள் வெளியிட்டார்கள். டாக்டரின் மேற்பார்வையில், மறு வளரும் முதல் மாதங்களிலேயே அதைத் தொடங்குவது நலம். அம்மாதங்களைத் தாயத்திலும் பரிகாரத்திலும் தொலைத்துவிட்டால், போன பார்வையைச் சோதிடன் மீட்டுத் தருவானா?

ஆகவே தோழர்களே! பெற்றவளைத் தூற்றுவதை விடுங்கள். பிள்ளையை டாக்டரிடம் தூக்கிச் செல்லுங்கள்.