டயருக்கும் ஜாதகம் உண்டு!

கார் டயர் வாங்க நாமக்கல் போனேன். லாரிக்கு பாடி கட்டுகிற ஊராச்சே! கடைக்காரர் ‘நெக்ஸன்’ என்று ஒரு கொரியா டயரை உருட்டி வந்தார். பாதி விலை!

‘‘கேள்விப்பட்டதே இல்லீங்களே?’’

‘‘1942-ல ஆரம்பிச்ச கம்பெனிங்க. 1946-ல நம்ம எம்.ஆர்.எஃப். பொம்மை பலூன்தான் பண்ணிட்டிருந்துச்சு!’’

பக்கவாட்டில் ‘வி’ எழுத்து. 240 கிலோமீட்டர் வேகம் தாங்குமாம். சேலத்துக்குப் பறந்தே போய்விடலாம் போல!

டீ குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர் எட்டிப் பார்த்தார். ‘‘தம்பி, அந்த நாலு நம்பரைப் படிங்க.’’

‘‘2317.’’

‘‘2017-ல, 23-வது வாரம் செஞ்சது. ரப்பர் இறுகியிருக்கும். மழையில பிரேக் போட்டா வழுக்கும். பின் சீட்டுல யாரு உக்காருவாங்க?’’

‘‘என் பொண்ணு...’’

அதே கம்பெனி, போன வருஷ டயர், முழு விலை. மறுபேச்சு பேசாமல் வாங்கினேன்.

பேரை விடுங்க சார், பிறந்த தேதியைக் கேளுங்க!