பாலத்தைச் சாய்ப்பது தண்ணீர் மட்டுமல்ல

வயநாட்டில் 2024 ஜூலை 30 அதிகாலை நடந்த நிலச்சரிவு நினைவிருக்கும். சூரல்மலையையும் முண்டக்கையையும் இணைத்த பாலம் அடித்துச் செல்லப்பட்டு, அக்கரை துண்டிக்கப்பட்டது. ராணுவம் 190 அடி நீள பெய்லி பாலத்தை ஆகஸ்ட் 1ல் கட்டி முடித்த பிறகே மீட்பு வாகனங்கள் தடையின்றிச் சென்றன. பழைய பாலத்தின் மீது வந்தது வெறும் தண்ணீர் அல்ல. பாறைகளும் வேரோடு சாய்ந்த மரங்களும் சேறும் கலந்த வெள்ளம்.

உங்கள் ஊர் ஓடையில் பாறை உருண்டு வராது. ஆனால் மரக்கட்டையும் குப்பையும் வரும். அவை பாலத்தை மூன்று வகையில் தாக்குகின்றன.

முதலாவது மோதல். வெள்ளத்தின் வேகம் இரண்டு மடங்கானால், அதில் வரும் மரம் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும்.

இரண்டாவது அடைப்பு. ஒரு மரம் தூண்களுக்குக் குறுக்கே சிக்கினால் போதும். தென்னை மட்டை, வாழைக்கட்டை, ஆகாயத்தாமரை எல்லாம் அதில் சேர்ந்து பாலத்தின் கண்களை மூடிவிடும். தேங்கும் நீர் பாலத்தைப் பக்கவாட்டில் தள்ளும். மேல்புற வயல்களையும் மூழ்கடிக்கும்.

மூன்றாவது அரிப்பு. இதுதான் அதிக ஆபத்து. அடைப்புக்குக் கீழே நீர் வேகமாகப் பாய்ந்து, தூணின் அடிமண்ணைத் தோண்டிவிடும். மேலே விரிசல்கூடத் தெரியாது.

புதிய பாலங்களில் தூண்களைக் குறைத்து, கண்களை அகலமாக்கி, அஸ்திவாரத்தை அரிப்பு எட்டாத ஆழத்தில் அமைக்கலாம். கிராமங்களில் உள்ள பழைய சிறுபாலங்களின் குறுகிய கண்களோ எளிதில் அடைபடும். அவற்றைக் காப்பது பராமரிப்புதான்.

வடகிழக்கு பருவமழைக்கு முன் செய்ய வேண்டியவை: வெட்டிய மரம், மட்டை, வாழைக்கட்டைகளை ஓடைக்கரையில் குவிக்காதீர்கள், மட்கவைத்து உரமாக்குங்கள். பாலத்தின் கண்களில் அடைப்போ, தூணடியில் பள்ளமோ தெரிந்தால், அக்டோபர் 2 கிராம சபையில் எழுத்துப்பூர்வமாக மனு கொடுங்கள். வெள்ளம் ஓடும்போது அடைப்பை எடுக்க இறங்காதீர்கள். வெள்ளம் வடிந்ததும் பொறியாளர் பார்க்கும் வரை நெல் ஏற்றிய டிராக்டரை அந்தப் பாலத்தில் ஓட்டாதீர்கள்.

அந்த ஒரு பாலம் போனால் உங்கள் பாலும் நெல்லும் ஊரைத் தாண்டாது. நோயாளியும் ஆஸ்பத்திரி போக முடியாது.