ஆற்றின் இடத்தை இப்போதே அளந்து வையுங்கள்

கல்லாமொழியில் 1,320 மெகாவாட் அனல்மின் நிலையம். குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல். இவை இரண்டும் அமையும் தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடி வட்டாரத்தில் இனி மனைப்பிரிவுகள் பெருகும், நிலத்தின் விலை ஏறும். அப்படி வளரப்போகும் ஊருக்குப் பக்கத்தில் கருமேனி ஆற்றுக்கு எவ்வளவு இடம் மிஞ்சும்? ஊர் வளர்ந்த பிறகு கேட்டுப் பயனில்லாத கேள்வி இது.

சாத்தான்குளம் பக்கமிருந்து வந்து மணப்பாட்டில் கடலைச் சேரும் ஆறு கருமேனி. வருஷத்தில் பல மாதம் மணல்தான் தெரியும், கரையெல்லாம் சீமைக்கருவேலம். பார்ப்பவர்களுக்குச் சும்மா கிடக்கும் புறம்போக்காகத் தோன்றலாம். ஆனால், நிலத்தடியில் நல்ல தண்ணீர் குறையக் குறையக் கடல்நீர் உள்ளே நகரும். கிணற்றுத் தண்ணீர் கரித்தால் வெற்றிலைக் கொடிக்கால் என்ன ஆகும் என்பது உடன்குடி விவசாயிகளுக்குத் தெரியும். மழைவெள்ளம் இந்த மணலில் பரவி நின்று இறங்குவதுதான் நமக்கு உப்பைத் தடுக்கும் அணை.

ஆற்றையும் பொதுப் பூங்காவையும் ஒன்றாக்கி, வெள்ளம் பரவ இடம் கொடுத்துக் காட்டிய ஊர் சிங்கப்பூர். அங்கே பீஷான்-அங் மோ கியோ பூங்காவின் ஓரமாக, களாங் ஆறு 2.7 கி.மீ. நீளத்துக்கு நேர்கோட்டுக் கான்கிரீட் வாய்க்காலாக ஓடிக்கொண்டிருந்தது. பொதுப் பயனீட்டுக் கழகமும் தேசியப் பூங்காக் கழகமும் சேர்ந்து கான்கிரீட்டை உடைத்தெடுத்து, ஆற்றைப் பூங்காவுக்குள் வளைந்து போகவிட்டன. 2012இல் திறந்தபோது ஆற்றின் நீளம் 3 கி.மீ.யைத் தாண்டியிருந்தது. கரைக்குச் சுவர் எழுப்பவில்லை. கல், மரக்கட்டு, செடிகளின் வேர் ஆகியவற்றைக் கொண்டு சரிவான கரையைப் பிடித்து நிறுத்தும் 10 முறைகளை முதலில் 60 மீட்டர் நீள வடிகாலில் சோதித்துப் பார்த்த பிறகே பெரிய வேலையில் கைவைத்தார்கள். மழையில்லாத நாளில் நடுவே சிற்றோடை. பிள்ளைகள் கால் நனைக்கலாம். பெருமழையில் புல்வெளியே ஆறாகிவிடும், அகலம் சில இடங்களில் 100 மீட்டரை எட்டும். நீர்மட்டம் உயர்ந்தால் எச்சரிக்கை ஒலி கேட்கும், மக்கள் மேடேறிவிடுவார்கள். உடைத்த கான்கிரீட்டைக்கூட வெளியே கொட்டாமல் பூங்காவிலேயே குன்றாக்கினார்கள். பின்னாளில் நீர்நாய்களும் வந்து குடியேறின.

வெள்ளத்தில் மூழ்கட்டும் என்றே அமைத்த பூங்கா அது. நம்மூரில் ஆற்றங்கரைப் பூங்கா என்றதும் தடுப்புச் சுவர், சிமென்ட் கல் பாவிய நடைபாதை, நீரூற்று என்று மதிப்பீடு போடுகிறார்கள். அந்தச் சுவர் தண்ணீரை அடுத்த தெருவுக்குத் தள்ளிவிடும்.

சிங்கப்பூரிடம் பணம் இருந்தது, செய்தார்கள் என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஆற்றை ஒட்டியே பொதுநிலம் இருந்ததுதான் பெரிய வசதி. நம்மிடமும் அப்படி இடம் இருந்தபோது வேலை நடந்திருக்கிறது: சென்னையில் அடையாற்றுக் கழிமுகத்தில் 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்கா 2011இல் திறக்கப்பட்டது. குப்பையும் கட்டட இடிபாடும் மூடியிருந்த இடத்தைத் தோண்டி நீர்நிலையாக்கியதில் பறவைகள் திரும்பின. போற்ற வேண்டிய வேலை. ஆனால், அதே ஆற்றின் மேல்பகுதியில் 2015 வெள்ளத்துக்குப் பிறகு கரையோரக் குடும்பங்களை நகரின் ஓரத்திலுள்ள பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். பிழைப்பு ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம் என்று அவர்கள் அல்லாடினார்கள். ஆற்றுக்கு இடம் ஒதுக்கத் தவறிய நகரம் அதன் விலையைக் கடைசியில் ஏழைகளிடம்தான் வாங்குகிறது.

தூத்துக்குடிக்குள் ஓடித் திரேஸ்புரத்தில் கடலைச் சேரும் பக்கிள் ஓடையையே பாருங்கள். மழைத் தண்ணீருக்கான வழி சாக்கடையாகிவிட்டது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது, கோரம்பள்ளம் குளம் உடைந்தது, தூத்துக்குடித் தெருக்கள் நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்தன. இன்று அந்த ஓடையை அகலப்படுத்த நினைத்தால் ஒவ்வோர் அடியும் யாரோ ஒருவருடைய வீட்டுச் சுவரில் போய் முட்டும்.

கருமேனிக்கு இன்னும் அந்த நிலை வரவில்லை. தாமிரபரணி-கருமேனியாறு-நம்பியாறு இணைப்புக் கால்வாய் 2009இல் தொடங்கி, இழுத்து இழுத்து 2025 பிப்ரவரியில்தான் திறக்கப்பட்டது. உபரி நீரைக் கொண்டுவர இவ்வளவு பாடுபட்ட அரசு, அந்த நீர் பரவ வேண்டிய கரையையும் காக்கட்டும். 2023 வெள்ளம் எதுவரை ஏறியது என்பதைக் கரையோர ஊர்க்காரர்கள் இன்றும் கைகாட்டிச் சொல்வார்கள். நினைவு மங்குவதற்குள் வருவாய்த் துறையும் நீர்வளத் துறையும் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய் அந்த எல்லையில் அளவுக்கல் நட வேண்டும். கல்லுக்கு உள்ளே மனைப்பிரிவுக்கு அனுமதி கூடாது; ஏற்கெனவே பட்டா உள்ளவர்கள் பயிர் செய்யத் தடையும் கூடாது. கழிவுநீர்க் குழாய் ஒன்றுகூட ஆற்றுக்குத் திரும்பக் கூடாது. சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்துவிட்டுக் கரையில் பனை வைக்கலாம். கருப்பட்டிக்குப் பேர்போன ஊருக்கு அதைவிடப் பொருத்தமான மரம் இல்லை. நடைபாதையும் இருக்கைகளும் பிறகு வரட்டும். அளவுக்கல்லுக்கான தீர்மானத்தை உடன்குடி பேரூராட்சியும் கரையோர ஊராட்சிகளும் அடுத்த கூட்டத்திலேயே நிறைவேற்றலாம்.