ரோட்டுக்குக் கண் மட்டும் போதுமா? வாயும் வேண்டும்!

சனிக்கிழமை காலையில் அம்பகரத்தூர் கடைத்தெரு ஓரம் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் போதும். கும்பகோணம், பேரளம் பக்கமிருந்து கார், வேன், டூரிஸ்ட் பஸ் என்று வரிசை கட்டி வரும். எல்லாம் திருநள்ளாறு சனீஸ்வரனைப் பார்க்கப் போகிற வண்டிகள். நடுவில் ரூட் பஸ், நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர், குடும்பத்தோடு போகும் ஸ்கூட்டர், சைக்கிள். வந்தவர்களுக்கு இது ஒரு நாள் கூத்து. ஊர்க்காரர்களுக்கோ வாராவாரம் தலைவலி!

சாதாரண சனிக்கிழமைக்கே இந்தக் கதி என்றால், சனிப்பெயர்ச்சி அன்று கேட்க வேண்டுமா? இரண்டரை, மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வரும் அந்த நாளில் பக்தர்கள் லட்சக்கணக்கில் குவிகிறார்கள். 2020 டிசம்பர் 27, 2023 டிசம்பர் 20 ஆகிய தேதிகளை இந்தப் பக்கத்துக் கடைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அம்பகரத்தூரிலேயே பத்ரகாளி அம்மன் கோவிலில் மகிஷ சம்ஹாரத் திருவிழா நடக்கும்போது சுற்று வட்டாரமே திரண்டு வருகிறது. காளி அசுரனை வதம் செய்த தலம் இது என்பது ஊர்க் கதை. இன்றைக்கு வதம் செய்ய வேண்டிய அசுரன் போக்குவரத்து நெரிசல்தான்!

"பெரிய நகரங்களில் மூளையுள்ள சிக்னல் வந்தாச்சாம். நம்ம பக்கத்துக்கும் ஒன்று வைத்தால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் எது வேண்டும், எது வேண்டாம் என்று தெரிந்து கேட்க வேண்டும். இல்லாவிட்டால் கேமரா மட்டும் வரும், விமோசனம் வராது!

வெடித்த சிக்னலிலிருந்து கம்ப்யூட்டர் வரை

உலகத்தின் முதல் சிக்னல் 1868-ல் லண்டன் பார்லிமெண்ட் வாசலில் வைக்கப்பட்டது. கேஸ் விளக்கு. போலீஸ்காரர் பக்கத்தில் நின்று கையால் திருப்ப வேண்டும். 1869 ஜனவரியில் அது வெடித்து, திருப்பிக் கொண்டிருந்த போலீஸ்காரரே காயம் பட்டார். அதற்கப்புறம் மின்சார சிக்னல் வந்தது. 1963-ல் கனடாவின் டொரண்டோ நகரத்தில் சிக்னல்களை கம்ப்யூட்டரோடு இணைத்தார்கள். 1970களில் ஆஸ்திரேலியாவின் சிட்னியில், வண்டி வருகிற அளவைப் பார்த்து சிக்னல் தானே நேரத்தை மாற்றிக் கொள்ளும் முறை வந்தது.

விஷயம் இதுதான். பழைய சிக்னலுக்குக் கண் கிடையாது. ஒரு பக்கம் நூறு வண்டி நின்றாலும், எதிர்ப் பக்கம் ஒரு வண்டி கூட இல்லாவிட்டாலும் அதே அறுபது செகண்டு பச்சையைக் காட்டும். புது முறையில் ரோட்டுக்கு அடியில் புதைத்த கம்பிச் சுருளோ, மேலே மாட்டிய கேமராவோ வண்டிகளை எண்ணுகிறது. கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, கூட்டம் உள்ள பக்கத்துக்குப் பச்சையை நீட்டுகிறது. அடுத்தடுத்த சிக்னல்களும் தங்களுக்குள் பேசிக் கொள்வதால், ஒன்றைத் தாண்டிய வண்டிக்கு அடுத்ததிலும் பச்சை கிடைக்கிறது.

கம்பிச் சுருள் வெள்ளைக்காரன் ஊரில் நன்றாக வேலை செய்யும். அங்கே வண்டிகள் கோட்டுக்குள் போகின்றன. நம்ம ஊரில்? கோடு ஒரு பக்கம், ஸ்கூட்டர் ஒரு பக்கம், மாடு ஒரு பக்கம்! அதனால்தான் திருவனந்தபுரத்தில் உள்ள மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் நம் நாட்டுக் கலவைப் போக்குவரத்துக்கு ஏற்றபடி தனியாக ஒரு முறையை உருவாக்கியது.

சென்னைக்கு இந்த வசதிகளைச் செய்ய ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் 2018 மார்ச்சில் சுமார் 808 கோடி யென் கடன் ஒப்பந்தம் போட்டது. 2022 மே மாதம் 'சென்னை பஸ்' என்ற செயலி வந்தது. மாநகர பஸ் இப்போது எங்கே வருகிறது என்று நிறுத்தத்தில் நிற்கிறவர் போனிலேயே பார்க்கலாம். 2015-ல் மத்திய அரசு தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் 100 நகரங்களில் புதுச்சேரி உண்டு, தஞ்சாவூர் உண்டு. காரைக்கால் கிடையாது!

சிக்னல் அல்ல, செய்திதான் தேவை

அம்பகரத்தூருக்கு வருவோம். இங்கே மூளையுள்ள சிக்னல் வைத்தால் நெரிசல் தீருமா? தீராது. சிக்னல் என்பது நாலு ரோடு சேருகிற இடத்தில், யார் முதலில் போவது என்ற சண்டையைத் தீர்க்கும். இங்கே சண்டை அது அல்ல. ஒரே ரோடு, ஒரே திசை, ஒரே கோவில். திருநள்ளாறில் வண்டி நிறுத்த இடம் நிரம்பிவிட்டால் வால் பின்னாலே நீளுகிறது. வால் நீண்ட பிறகு பச்சை விளக்கு எரிந்து என்ன பயன்? முன்னால் இடம் இருந்தால்தானே வண்டி நகரும்!

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சனி எப்போது பெயர்கிறார் என்பது பஞ்சாங்கத்தில் பல வருஷம் முன்னாலேயே தெரியும். சனிக்கிழமை வாராவாரம் வரத்தான் செய்யும். எந்த நாளில் கூட்டம் வரும் என்று கண்டுபிடிக்க இங்கே கம்ப்யூட்டர் வேண்டியதில்லை. எந்த நிமிஷத்தில் எந்த மைதானம் நிரம்புகிறது, இன்னும் எத்தனை வண்டி வழியில் இருக்கிறது என்று சொல்லத்தான் கம்ப்யூட்டர் வேண்டும். அதைச் சொல்ல வேண்டிய இடம் திருநள்ளாறு அல்ல, பேரளம்!

எல்லை தாண்டாத ஒயர்லெஸ்

இங்கேதான் சிக்கலே இருக்கிறது. காரைக்கால் மாவட்டம் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது. மூன்று பக்கமும் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். அம்பகரத்தூரைத் தாண்டி மேற்கே கொஞ்ச தூரம் போனால் திருவாரூர் மாவட்டம். வடக்கே மயிலாடுதுறை மாவட்டம். தெற்கே நாகப்பட்டினம் மாவட்டம். ரோடு ஒன்றுதான். ஆனால் இந்தப் பக்கம் ஒரு போலீஸ், அந்தப் பக்கம் ஒரு போலீஸ். இந்தப் பக்கம் ஒரு கலெக்டர், சுற்றிலும் மூன்று கலெக்டர்.

வண்டிக்கு எல்லை தெரியுமா? பி.ஒய்.02 நம்பர் காரும் டி.என்.50 நம்பர் வேனும் ஒரே குழியில்தான் இறங்கி ஏறுகின்றன. திருநள்ளாறில் மைதானம் நிரம்பிய செய்தி பேரளத்தில் நிற்கும் போலீஸ்காரருக்கு அந்த நிமிஷமே போனால், அவர் வண்டிகளை அங்கேயே நிறுத்தலாம், வேறு வழியில் திருப்பலாம். அரை மணி கழித்துப் போனால், அதற்குள் அந்த வண்டிகள் எல்லாம் அம்பகரத்தூர் கடைத்தெருவுக்குள் வந்து மாட்டிக் கொள்ளும். திரும்பவும் முடியாது, முன்னால் போகவும் முடியாது.

திருவிழா நாட்களில் அதிகாரிகள் கூடிப் பேசுகிறார்கள், மாற்று வழி அறிவிக்கிறார்கள், தற்காலிக வண்டி நிறுத்தம் அமைக்கிறார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் காகிதத்தில் போட்ட திட்டம் காலை ஆறு மணிக்குச் சரியாக இருக்கும். பத்து மணிக்கு நிலைமை மாறிவிடும். மாறிய நிலைமையை எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தெரிவிக்கிற ஏற்பாடுதான் நிரந்தரமாக வேண்டும்.

கண் இருந்தும் நடந்த துயரம்

கேமரா வைத்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் பிரயாக்ராஜை நினைத்துப் பார்க்கட்டும். 2025 கும்பமேளாவில் கேமராக்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. கூட்டத்தை எண்ணும் கம்ப்யூட்டர்களும் இருந்தன. அப்படியும் ஜனவரி 29 விடியற்காலை நெரிசலில் 30 பேர் இறந்ததாக அரசே அறிவித்தது. பார்ப்பது வேறு, பார்த்ததை வைத்து அந்த நிமிஷமே கூட்டத்தைத் திருப்பிவிடுவது வேறு.

அவ்வளவு தூரம் போவானேன்? இதே ரோட்டின் மறுமுனையில் உள்ள கும்பகோணத்தில் 1992 பிப்ரவரி 18-ந் தேதி மகாமகக் குளக்கரையில் என்ன நடந்தது என்று பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். சுமார் 50 உயிர்கள் போயின. அடுத்த மகாமகம் 2028-ல். மகாமகத்துக்கு வருகிறவர்கள் திருநள்ளாறையும் ஒரு நடை பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் நினைப்பார்கள். அந்தக் கூட்டம் எந்த வழியாக வரும்? அம்பகரத்தூர் வழியாகத்தான்!

உயிர் காக்கும் நிமிஷங்கள்

நெரிசல் என்றால் பக்தர்களுக்குத் தாமதம் என்று மட்டும் நினைக்கக்கூடாது. அம்பகரத்தூரில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால், ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்தால், ஆம்புலன்ஸ் இதே ரோட்டில்தான் காரைக்கால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆம்புலன்சுக்கு வழிவிடாவிட்டால் ஆறு மாதம் வரை ஜெயில் அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம் என்று 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். சட்டம் சரி. ஆனால் முன்னும் பின்னும் வேன் அடைத்துக் கொண்டு நிற்கும்போது டிரைவர் எங்கே ஒதுங்குவார், வயலுக்குள்ளா? ஆம்புலன்ஸ் புறப்பட்ட உடனே முன்னால் உள்ள ஒவ்வொரு போலீஸ்காரருக்கும் தகவல் போய், ஒரு ஓரம் காலியாக வேண்டும். அதற்குப் பெரிய மெஷின் வேண்டாம். வண்டி இருக்கும் இடத்தைச் சொல்லும் ஜி.பி.எஸ். கருவியும், அதைப் பார்த்துக் கொண்டே இருக்கும் ஓர் ஆளும் போதும்.

கடைக்காரர்கள் கேட்பதும் நியாயம்தான்

"வண்டிகளை வேறு வழியில் திருப்பிவிட்டால் எங்கள் வியாபாரம் என்ன ஆவது?" என்று கடைக்காரர்கள் கேட்கலாம். டீக்கடைக்கும், பூக்கடைக்கும், இளநீர்க்காரருக்கும் சனிக்கிழமைதான் சம்பாத்தியம். ஆனால் நகராமல் நிற்கிற வண்டியில் இருப்பவன் இறங்கி வந்து சாமான் வாங்குவானா? ஹாரன் அடித்துக் கொண்டு எரிச்சலில் உட்கார்ந்திருப்பான். நின்று போக இடம் இருந்தால்தான் வியாபாரம். "அம்பகரத்தூரில் வண்டி நிறுத்த இடம் உண்டு, காளியைக் கும்பிட்டு, டிபன் சாப்பிட்டுவிட்டுப் போகலாம், அதற்குள் திருநள்ளாறில் இடம் காலியாகும்" என்று ஒரு பலகை சொன்னால், நெரிசலும் குறையும், கல்லாவும் நிறையும்.

அபராதம் போடுவதற்கு மட்டும் கேமரா வைப்பார்களோ என்ற பயமும் ஜனங்களுக்கு இருக்கிறது. அதற்கு விதி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட விதிப்படி, கேமரா இருக்கிறது என்று முன்னாலேயே போர்டு வைக்க வேண்டும். குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். கருவிக்கு வருஷா வருஷம் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். இந்த மூன்றையும் ஜனங்கள் தெரிந்து வைத்துக் கொள்வது நல்லது.

செய்ய வேண்டியது என்ன?

முதலில் எண்ணுங்கள். அம்பகரத்தூர் எல்லையிலும், நாகூர், தரங்கம்பாடி பக்கத்து நுழைவுகளிலும் வண்டிகளை எண்ணும் கேமரா வைக்கட்டும். திருநள்ளாறு வண்டி நிறுத்தங்களில் உள்ளே போன வண்டி எத்தனை, வெளியே வந்தது எத்தனை என்று கணக்கு வைக்கட்டும்.

இரண்டாவது, அந்தக் கணக்கை மறைக்காதீர்கள். பேரளத்திலும் அம்பகரத்தூரிலும் பெரிய எழுத்தில், தமிழில், மின்சாரப் பலகை வைத்து "இடம் இருக்கிறது", "இடம் இல்லை" என்று சொல்லுங்கள். போனிலும் தெரியட்டும்.

மூன்றாவது, திருவிழா நாட்களில் காரைக்கால் போலீசாரும் சுற்றியுள்ள மூன்று மாவட்ட போலீசாரும் ஒரே அறையில், ஒரே திரைக்கு முன்னால் உட்காரட்டும்.

நாலாவது, ரூட் பஸ் எங்கே வருகிறது என்பதை ஜனங்களுக்குக் காட்டுங்கள். சென்னையில் முடிந்தது, புதுச்சேரி பஸ்ஸிலும் தமிழ்நாடு அரசு பஸ்ஸிலும் இங்கே முடியாதா? பஸ்ஸை நம்பலாம் என்று தெரிந்தால் பாதிப் பேர் காரை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவார்கள். காரைக்கால் - பேரளம் ரயில் பாதையும் 1898-ல் ஓடத் தொடங்கி, 1980களில் மூடப்பட்டு, இப்போது அகலப் பாதையாக மறுபடி போடப்பட்டிருக்கிறது. விசேஷ நாட்களில் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஐந்தாவது, வாங்கிய கருவியைப் பராமரிக்க ஆள் போடுங்கள். திறப்பு விழாவில் மாலை போட்டு, ஆறு மாசத்தில் சிலந்தி வலை கட்டவா வரிப் பணம்?

இதற்கெல்லாம் சென்னையைப் போலக் கோடிக் கணக்கில் யென் கடன் வாங்க வேண்டியதில்லை. நாலைந்து கேமரா, சில பலகைகள், ஒரு அறை, எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒத்த மனசு. கடைசியில் சொன்னதுதான் கிடைப்பதற்கு அரிது!

ரோட்டுக்குக் கண் வைப்பது சுலபம். அந்தக் கண் பார்த்ததை வண்டி ஓட்டுகிறவன் காதில் சரியான நேரத்தில் சொல்கிற வாய்தான் வேண்டும். புதுச்சேரி அரசும் தமிழ்நாடு அரசும் உட்கார்ந்து பேசுமா? அல்லது அடுத்த பெயர்ச்சி வரை அம்பகரத்தூர்காரர்கள் ஹாரன் சத்தத்தைக் கேட்டுக் கொண்டே இருக்க வேண்டியதுதானா?