ஸ்டூல் இருக்கு, உட்காரத்தான் முடியலை

போன மாதம் என் நாத்தனார் மகளுக்குச் சடங்கு. தாய்மாமன் சீர் நாங்கள்தானே செய்ய வேண்டும்? பட்டுச்சேலை எடுக்க மாமியாரும் நானும் விளக்குத்தூண் பக்கம் ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குப் போனோம். இருபது வயசுகூட நிறையாத ஒரு பெண் நாற்பது சேலையாவது பிரித்துப் போட்டிருப்பாள். எங்க மாமியாருக்கு ஒண்ணும் மனசுக்குப் பிடிக்கலை. நாங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம். அவள் ஒரு காலை ஊன்றி, இன்னொரு காலைத் தூக்கித் தூக்கி மாற்றிக்கொண்டு நிற்கிறாள். கவுண்டருக்குப் பின்னாலேயே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தது. அதன் மேல் அட்டைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

"பெட்டியை இறக்கி வச்சுட்டுச் செத்த உட்காரும்மா, அவங்க பார்த்து முடிக்கட்டும்" என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, மேலே இருந்த கேமராவைப் பார்த்தாள். "இல்லக்கா, பரவாயில்லக்கா" என்றாள்.

அந்த "பரவாயில்லக்கா" எனக்குப் புதுசில்லை. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருஷம் ஒரு கடையில் நானும் அதையே சொன்னவள்தான். பத்தாவது முடித்ததும் திருமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வந்து போவேன். காலை ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரி ஒன்பது வரைக்கும் நிற்பு. தூணில் சாய்ந்தாலே சத்தம். பாத்ரூம் போகக்கூடச் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அதற்குக் கூச்சப்பட்டே தண்ணீர் குடிக்க மாட்டோம். என்னோடு நின்ற ஒருத்திக்குக் கெண்டைக்காலில் நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்துக் கிடக்கும். 2010-ல் வசந்தபாலன் எடுத்த 'அங்காடித் தெரு' படம் சென்னை ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடைப் பிள்ளைகளின் கதைதான். எல்லோரும் நல்ல படம் என்றார்கள். என்னால் பாதிக்கு மேல் பார்க்க முடியவில்லை.

இதற்குச் சட்டம் வந்துவிட்டது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. முதலில் கேரளத்தில்தான் வந்தது. கோழிக்கோட்டில் விஜி என்ற தையல்காரப் பெண்மணி, கடைகளில் வேலை பார்க்கும் பெண்களைச் சேர்த்து 'பெண்கூட்டு' என்று சங்கம் வைத்தார். கழிப்பறை வேண்டும், உட்கார இடம் வேண்டும், அவ்வளவுதான் கேட்டார்கள். பல வருஷம் போராடி, 2018-ல் அங்கே சட்டத்தைத் திருத்த வைத்தார்கள். நம் தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் சட்டசபையில் மசோதா வந்தது. 1947-ம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் புதிதாக ஒரு பிரிவு சேர்த்தார்கள். வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைத்தால் உட்கார்ந்துகொள்ள எல்லாத் தொழிலாளிக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும் என்கிறது அது. அந்தக் கடையில் ஸ்டூல் வந்ததும் இதனால்தான் இருக்கும். ஆனால் "உட்காரு" என்று சொல்ல ஒரு மேனேஜர் வேண்டாமா? சட்டமா வந்து பெட்டியை இறக்கி வைக்கும்?

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. ஒரு வழியாகப் பிடித்த சேலையின் ஓரத்தில் நூல் லேசாகப் பிசிறியிருந்தது. இருநூறு ரூபாய் குறைத்துக்கொடு என்றார் மாமியார். அந்தப் பெண்ணுக்கு முடியும், முடியாது என்று சொல்லும் அதிகாரம் இல்லை. சூப்பர்வைசரைத் தேடிக் கீழ்த்தளத்துக்குப் போய்விட்டாள். இருபது நிமிஷம் கழித்து அவர் வந்து, சேலையை விரித்துக்கூடப் பார்க்காமல் "குறைச்சுக் குடுத்துரு" என்றார். இதற்கா இருபது நிமிஷம்? காலையிலிருந்து அந்தச் சேலையை மடித்து மடித்து வைத்தவளுக்கு அதன் குறை தெரியாதா, விலை தெரியாதா? "இருநூறு ரூபாய் வரைக்கும் நீயே பார்த்து முடிவு பண்ணும்மா" என்று சொல்லியிருந்தால், இன்னும் இரண்டு பேருக்குச் சேலை காட்டியிருப்பாள்.

நம்பிப் பொறுப்பைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு மதுரைக்காரர்கள் வெளியூர் போக வேண்டியதில்லை. அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைப் பதினோரு படுக்கையோடு ஆரம்பித்தார். அங்கே கிராமத்துப் பெண்களை எடுத்து இரண்டு வருஷம் பயிற்சி கொடுக்கிறார்கள். கண்ணைச் சோதிப்பது, ஆபரேஷனுக்குத் தயார் செய்வது எல்லாம் அந்தப் பிள்ளைகள்தான். டாக்டர் ஒருவருக்கு ஆபரேஷன் முடிப்பதற்குள் பக்கத்து மேஜையில் அடுத்தவர் தயாராகப் படுத்திருப்பார். எங்க அம்மாவுக்குக் கண்புரை எடுத்தபோது கூடவே இருந்து பார்த்தேன். சொட்டு மருந்து எப்படிப் போடணும், தலைக்கு எப்போ தண்ணி ஊத்தணும் என்று விளக்கியது உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளை. யாரையும் கேட்டு வருகிறேன் என்று ஓடவில்லை. அம்மா கேட்ட கேள்விக்கெல்லாம் அவளே பதில் சொன்னாள். நிமிர்ந்துதான் பேசினாள். ஆஸ்பத்திரியும் கடையும் ஒன்றா என்று கேட்பீர்கள். கண்ணையே நம்பி ஒப்படைக்கலாம், சேலையை ஒப்படைக்கக்கூடாதா?

எழுதுவதை எழுதிவிட்டு என் வீட்டுக் கதையை மறைத்தால் நியாயமில்லை. எங்க வீட்டுக்காரர் இந்தத் தையில் ஒரு ஹார்டுவேர் கடைக் குடோனுக்குச் சூப்பர்வைசர் ஆனார். அவருக்குக் கீழே நான்கு பையன்கள். ஜவுளிக்கடையில் நடந்ததைச் சொன்னதும், "உனக்கென்ன தெரியும், கொஞ்சம் இடம் கொடுத்தா தலைமேல ஏறிருவானுங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. மூன்று வருஷம் நின்றவளிடமா இந்தப் பேச்சு? "ஏங்க, போன வருஷம் வரைக்கும் நீங்களும் அந்த நாலு பேர்ல ஒருத்தர்தானே, யார் தலைமேல ஏறுனீங்க?" என்று கேட்டுவிட்டேன். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். சரக்குக் கணக்கு ஒன்று குறைந்தாலும் முதலாளி பிடிப்பது இவரைத்தான், பையன்களை இல்லை. இவருக்கே பயம் இருக்கும்போது இவர் யாருக்குத் தைரியம் கொடுப்பார்? மேலே இருப்பவர் இவரை நம்பினால்தான் இவர் கீழே இருப்பவனை நம்புவார். ஆனாலும் ஏழு வருஷமாக அங்கேயே இருக்கும் மூத்த பையன், வந்து இறங்கும் லோடை எண்ணிப் பார்த்துத் தானே கையெழுத்துப் போடக்கூடாதா? அவன் எண்ணிய பிறகு இவர் இன்னொரு தடவை எண்ணுகிறார். அதனால் தினமும் ராத்திரி பத்தரைக்குத்தான் வீட்டுக்கு வருகிறார், ஆறிப்போன சோற்றைத்தான் சாப்பிடுகிறார்.

போன திங்கட்கிழமை குடோனுக்கு இரண்டு ஸ்டூல் வாங்கிப் போட்டிருக்கிறார். அவராகச் சொல்லவில்லை, பில் சட்டைப் பையில் இருந்தது, துவைக்கும்போது பார்த்தேன். கையெழுத்து விஷயம் இன்னும் பேச்சு வார்த்தையில்தான் இருக்கிறது.

- ஒரு வாசகி, வில்லாபுரம், மதுரை.