அரசிதழில் ஏறாத குடிசைகள்

சென்னையின் ஏழைகள் பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டி இத்தனை ஆயிரம் குடும்பங்களாகக் குவிந்திருப்பது ஏன்? நிலத்தின் விலைதான் காரணம் என்பார்கள் பெரும்பாலானோர். மனை விலை ஏறியது, இல்லாதவர்கள் ஒதுங்கினார்கள் என்ற விளக்கம் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்குள்ள கண்ணகி நகருக்கோ செம்மஞ்சேரிக்கோ பெரும்பாக்கத்துக்கோ போனவர்களில் மிகப் பெரும்பாலானோர் விலை விசாரித்துக் குடிபோனவர்கள் அல்ல. தட்டுமுட்டுச் சாமான்களோடு லாரியில் ஏற்றி இறக்கப்பட்டவர்கள். அந்த லாரிகளின் பயணத்தில் இரண்டு சட்டங்களுக்குப் பங்குண்டு. ஒன்றை அரசு விடாமல் பயன்படுத்துகிறது. இன்னொன்றைக் கிடப்பில் போட்டுவிட்டது.

கிடப்பில் கிடப்பது 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் சட்டம். அதற்கு முந்தைய ஆண்டுதான் மு. கருணாநிதி அரசு குடிசை மாற்று வாரியத்தைத் தொடங்கியிருந்தது. குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு என்பதுதான் வாரியத்தின் தொடக்ககாலக் கொள்கை. நொச்சிக்குப்பத்து மீனவர்களுக்கு வலையும் படகும் கண்ணில் படும் தூரத்திலேயே அடுக்குமாடிகள் எழுந்தன. இந்தச் சட்டத்தின் 3ஆவது பிரிவின்கீழ் ஒரு பகுதியைக் குடிசைப் பகுதி என்று அரசு அறிவித்துவிட்டால், அதை மேம்படுத்தும் வேலை அரசின் தலையில் விழும். குடியிருப்பவர்களை நினைத்த மாத்திரத்தில் கிளப்பவும் முடியாது.

1971இல் சென்னையில் 1,202 பகுதிகள் இந்தப் பட்டியலில் ஏறின. 1985இல் மேலும் 17 சேர்ந்தன. அதன்பின் நகரம் பெருமளவு வீங்கியிருந்தாலும், பட்டியல் பல பத்தாண்டுகளாக நீளவில்லை.

பட்டியலுக்கு வெளியே, புறம்போக்கில் நிற்கும் குடிசைக்கு வேறொரு சட்டம் காத்திருக்கிறது. அது 1905ஆம் ஆண்டில் வெள்ளைக்காரர் கொண்டுவந்த நில ஆக்கிரமிப்புச் சட்டம். அரசு நிலத்தில் குந்தியிருப்பவருக்கு நோட்டீஸ் கொடுத்து அகற்றுவதே அதன் வேலை. அங்கே எத்தனை தலைமுறை, ரேஷன் கார்டு உண்டா, மின் இணைப்பு யார் கொடுத்தது என்பதெல்லாம் அதற்குப் பெரிதல்ல. ஒரே ஆற்றங்கரை, ஒரே மாதிரிக் கூரை. ஒருவர் இருந்த இடத்திலேயே மாடிவீட்டுக்காரர் ஆகிறார். மற்றவர் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளிப் போகிறார். வித்தியாசம் ஓர் அரசிதழ் அறிவிப்பு.

2000ஆம் ஆண்டையொட்டி நிரம்பத் தொடங்கிய கண்ணகி நகரில் இன்று 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். பெரும்பாக்கத்தில் எட்டு அடுக்குக் கட்டடங்களாக 20,000க்கும் மேல். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து அங்கே குடும்பங்கள் வேகவேகமாக அனுப்பப்பட்டன. மயிலாப்பூரில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்தவர், பெரும்பாக்கத்திலிருந்து முதல் பேருந்தைப் பிடித்தாலும் இரண்டு வீட்டு வேலைதான் பார்க்க முடியும். இந்தக் கணக்கு எந்தத் திட்ட அறிக்கையிலும் தனி வரியாக வருவதில்லை. முகவரியைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று கண்ணகி நகர் இளைஞர்கள் வேறு ஊர்ப் பெயர் சொன்ன காலம் உண்டு. 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் அந்த நகரின் பெண் ஒருவர் இருந்தார். அதன் பிறகுதான் பலருக்கு அந்தப் பெயர் ஒரு நல்ல செய்தியோடு காதில் விழுந்தது.

நீர்நிலைகளைக் காக்க வேண்டாமா என்று கேட்பார்கள். கட்டாயம் காக்க வேண்டும். ஆனால் அந்த அக்கறை ஆளுக்குத் தகுந்தபடி வளைகிறது. பறக்கும் ரயிலின் தூண்களைப் பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே நட்டது அரசு. 1999 பிப்ரவரி 28க்கு முன் விதிமீறி எழுந்த கட்டடங்களை வரன்முறைப்படுத்த நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113ஏ என்றொரு பிரிவைச் செருகியது. பிறகு 2007 ஜூலை 1 வரை கட்டியவர்களுக்காக 113சி வந்தது. 2017இல், அங்கீகாரமில்லாத மனைகளையும் கட்டணம் வாங்கிக்கொண்டு முறைப்படுத்த வழி திறந்தது. வசதி படைத்தவரின் மீறலுக்குக் கடைசித் தேதி தள்ளிக்கொண்டே போகும். குடிசைக்காரருக்கான பட்டியலோ 1985இல் நிற்கும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. வெள்ள அபாயம் என்று ஆற்றங்கரையிலிருந்து கிளப்பப்பட்டவர்களை வைத்த செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் அண்டை. மழை வலுத்தால் அங்கேயும் தண்ணீர்தான். அந்தச் சதுப்பு நிலத்தில் மிஞ்சிய பகுதிக்கு 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. அதற்குள் சுற்றிலும் அரசு அலுவலகங்களும் ஐ.டி. வளாகங்களும் குப்பை மேடும் எழுந்து முடிந்திருந்தன.

வேறு வழி இல்லாமல் இப்படி நடந்ததா என்றால், அதுவும் இல்லை. 1977இல் உலக வங்கிக் கடனில் தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில், அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் சாலை, குடிநீர், கழிவுநீர் வசதியோடு சிறு மனைகள் தவணைக்குக் கொடுக்கப்பட்டன. கையில் காசு சேரச் சேர மக்களே கட்டிக்கொண்டார்கள். ஏழைக்கு ஒன்று, நடுத்தரக் குடும்பத்துக்கு ஒன்று என்று வெவ்வேறு அளவு மனைகளை ஒரே மனைப்பிரிவில் கலந்து வைத்ததுதான் அதன் சூட்சுமம். இன்று அந்தத் தெருக்களில் நடப்பவருக்கு யார் எந்த ஒதுக்கீட்டில் வந்தார்கள் என்று பிரித்தறிய முடியாது. தொலைவில் ஓர் இடத்தில் ஏழைகளை மட்டும் குவிப்பது பின்னாளில் எடுத்த முடிவு.

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது முதியவர் ஒருவர் தீக்குளித்து உயிரிழந்தார். அதன் பிறகே, அகற்றப்படுபவர்களுக்கு மயிலாப்பூர், மந்தைவெளிப் பகுதிகளில் வீடு தரப்படும் என்று சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். அப்படியானால் பக்கத்திலேயே இடம் இருக்கிறது. ஓர் உயிர் போகும்வரை அது அரசின் கண்ணில் படவில்லை என்பதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

குடிசை மாற்று வாரியத்துக்கு 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றினார்கள். பெயரோடு பட்டியலையும் புதுப்பித்திருக்கலாம். புதிதாகக் கணக்கெடுத்து, தகுதியுள்ள பகுதிகளை 3ஆவது பிரிவின்கீழ் அறிவிக்கப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. சிதிலமடைந்த பழைய வாரியக் குடியிருப்புகளை இடித்துவிட்டு அதே மண்ணில் கூடுதல் மாடிகளோடு கட்டும் வேலை நகருக்குள் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அப்படிக் கூடும் வீடுகளில் முதல் உரிமை, அடுத்த தெருவின் கால்வாய் ஓரத்தில் நோட்டீஸ் வாங்கி நிற்கும் குடும்பத்துக்கு என்று ஓர் அரசாணை போட்டால், பெரும்பாக்கத்துக்குப் போகும் லாரிகளில் பாதியாவது குறையும்.